உங்களுக்குத் தெரியுமா? கரிசல் நாட்டில் ஒரு கிண்ணம் நுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் முகச்சவரம் எரிச்சல் தந்தால் பெரும்பாலோர் முதலில் பிளேடைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் குற்றம் பல நேரம் பிளேடில் இருப்பதில்லை. எந்தத் தண்ணீரில் நுரை குழைத்தோம், அந்தத் தண்ணீரை எந்த பிரஷ் முகத்துக்குக் கொண்டுபோனது என்பவைதான் சவரத்தின் சுகத்தை முடிவு செய்கின்றன. இந்த வறண்ட பூமியை மனதில் வைத்துத் திரட்டிய செய்திகள் இவை.

தண்ணீர்

● சோப்பை விழுங்கும் தண்ணீர்
போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, அதைக் கரையாத பிசுக்காக மாற்றிவிடுகின்றன. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்றால், ஒரு லிட்டர் ஏறத்தாழ 2 கிராம் சோப்பைப் பிசுக்காக்கிய பிறகுதான் நுரை எழவே விடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600 மில்லிகிராம் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் சோப்பைக் கொண்டுபோய்விடும்.

● சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?
காலடியிலிருந்துதான். பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். கரிசல் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்பு உருண்டைகள் அகப்படும். மழைநீர் இந்த மண்ணிலும் பாறையிலும் மெல்ல இறங்கும்போது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால் நிலத்தடியில் உப்பு மேலும் செறிகிறது. துவரம்பருப்பு வேக மறுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான் ஷேவிங் கிரீமையும் நுரைக்க விடாது.

● காய்ச்சினால் சரியாகுமா?
பாதிதான். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு காய்ச்சும்போது வெள்ளையாகப் பாத்திரத்தில் படிந்துவிடும். தண்ணீர் கொஞ்சம் மென்மையாகும். குளோரைடாகவும் சல்பேட்டாகவும் கரைந்திருப்பவை எவ்வளவு கொதித்தாலும் போகா. வாயில் வைத்தாலே கரிக்கும் கிணறுகளில் இந்த இரண்டாவது வகை நிறைய இருக்கும். ஆகவே சுடுதண்ணீர் தாடியை இளக்கும், உப்பை விரட்டாது.

● சவரத்துக்கு ஏற்ற தண்ணீர்கள்
மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் முதலிடம். மண்ணுக்குள் இறங்காததால் அதில் கரைந்த சுண்ணாம்பு இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானது 2003இல். அடுத்தது ஊருணித் தண்ணீர். அது மேலாகத் தேங்கிய மழைநீர் என்பதால் போரைவிட மென்மை. ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய கேன் தண்ணீரும் நன்றாக நுரைக்கும். ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் அது பெட்டிக்குள்ளிருக்கும் தூசியையும் அழுக்கையும் சுமந்து வருவதால் முகத்துக்கு வேண்டாம்.

● வீட்டிலேயே ஒரு சோதனை
இரண்டு சிறிய பாட்டில்கள். ஒன்றில் பாதியளவு போர் தண்ணீர், மற்றதில் பாதியளவு மழைநீர் அல்லது கேன் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டு மூடிக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும்; போர் தண்ணீர் கலங்கி வெள்ளைப் படலம் மிதக்கும். பிரஷ்ஷும் கிரீமும் மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

● நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் போதும்
பிரஷ் நனைக்க, நுரை குழைக்க, கடைசியாக ரேசரை அலச: இந்த மூன்றுக்கு மட்டும் நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு மேல் செலவாகாது. இடையிடையே ரேசரில் சேரும் நுரையைக் கழுவ ஒரு மக் உப்புத் தண்ணீர் போதும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவிலும் இது கட்டுப்படியாகும்.

● தாடியும் தண்ணீர் குடிக்கும்
மயிர் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் பருத்து, இளகி, பிளேடுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்த கையோடு சவரம் செய்தால் இதம் கூடுவதன் காரணம் இதுதான். முதலில் குளிக்க முடியாதவர்கள் பருத்தித் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொள்ளலாம். காய்ந்த தாடியில் நேராக நுரை பூசி உடனே மழிப்பது தோலுக்குச் செய்யும் கொடுமை.

● நுரையே இல்லாமல் மழிக்கும் இடம்
சாத்தூர் பக்கத்தில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். அங்கே முடிகாணிக்கை செலுத்துகிறவர்களின் தலையில் சோப்பும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. தண்ணீரைத் தெளித்து விரல்களால் அழுத்தித் தேய்த்துவிட்டு வழித்து இறக்குகிறார்கள். மயிரை இளக்குவது அடிப்படையில் தண்ணீர்தான். நுரையின் வேலை அந்தத் தண்ணீரை வெளியேறவிடாமல் மயிரோடு சேர்த்துப் பிடித்துவைப்பது. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு 2021இல் வந்தது.

● திருச்சுழிப் பிள்ளையின் சவரம்
ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தது 1879 டிசம்பர் 30. மதுரை வீட்டைவிட்டுப் புறப்பட்ட அவர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அன்றே அய்யன்குளத்தின் அருகே குடுமியை எடுத்து முழுச் சவரம் செய்துகொண்டார். சவரத்துக்குப் பின் குளிப்பது வழக்கம், அவர் குளிக்கவில்லை. கோயிலுக்குள் நுழையும் முன் பெய்த மழை அவரை நனைத்தது என்று வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன.

பிரஷ்

● பிரஷ் செய்யும் மூன்று வேலைகள்
நுரையைப் பூசுவது மட்டும் என்றால் விரலே போதும். பிரஷ் தன் மயிர்களுக்கிடையே தண்ணீரைச் சேமித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நுரைக்குக் கொடுக்கிறது. சோப்பையும் காற்றையும் தண்ணீரையும் குழைத்து அடர்த்தியாக்குகிறது. தோலோடு படிந்த மயிர்களைத் தனித்தனியே நிமிர்த்தி ஒவ்வொன்றையும் சுற்றி நுரை பூசுகிறது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இந்த மூன்றாவது வேலை எளிதில் விளங்கும். தெருவில் நீட்டிய பாவில் கஞ்சி தேய்க்கும் பெரிய பிரஷ், இழை இழையாகப் பிரித்துக் கஞ்சியை ஏற்றுமே, அதே வேலைதான் இது.

● நுனி வெட்டாத மயிர்
நல்ல பிரஷ்ஷில் மயிரின் நுனியைக் கத்தரிக்கவே மாட்டார்கள். மயிர்களை நுனி கீழாகக் குழிவான ஓர் அச்சில் தட்டி இறக்கினால், அச்சின் வடிவமே குஞ்சத்தின் வடிவமாகிவிடும். பிறகு அடியைக் கட்டி, பசை ஊற்றி, அடியை மட்டும் சமன் செய்வார்கள். மலிவான பிரஷ்களில் குஞ்சத்தைக் கட்டிவிட்டு நுனியைக் கத்தரித்து வடிவம் கொடுப்பதுண்டு. வெட்டுண்ட நுனி கூராக நிற்கும்; கன்னத்தில் குத்தும். கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

● குஞ்சத்தின் கணக்கு
குஞ்சத்தின் அடிக் குறுக்களவு பெரும்பாலும் 20 முதல் 26 மில்லிமீட்டர். கைப்பிடிக்கு மேலே தெரியும் மயிரின் உயரம் 48 முதல் 55 மில்லிமீட்டர். உயரம் குறைந்தால் பிரஷ் விறைப்பாக நிற்கும். கட்டிச் சோப்பிலிருந்து நுரை எடுக்க இது உதவும். உயரம் கூடினால் தொய்வாகும். மென்மையான தோலுக்கு இதம். ஒரே குஞ்சத்தைக் கைப்பிடிக்குள் இரண்டு மில்லிமீட்டர் ஆழமாக இறக்கினாலே பிரஷ்ஷின் குணம் மாறிவிடும்.

● மொட்டா, விசிறியா?
நுனி கூம்பி மொட்டு வடிவில் இருந்தால் கன்னத்தில் வட்டமாகத் தேய்க்க வசதி. விரிந்து விசிறி வடிவில் இருந்தால் மேலும் கீழுமாகப் பூச வசதி. மீசையின் கீழ், தாடையின் வளைவு போன்ற இடங்களிலும் எட்டும். மிக நெருக்கமாக மயிர் அடைத்த குஞ்சம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் நுரையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். முகத்துக்கு நுரை வராவிட்டால் பிரஷ்ஷைக் கொஞ்சம் பிழிந்து கொடுக்க வேண்டும்.

● பன்றி மயிர்: பொறுமை கேட்கும் பிரஷ்
பன்றி மயிர் தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நுரை குழைக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஊற வேண்டும். ஊறாத பன்றி மயிர் நுரைத் தண்ணீரைத் தானே குடித்துவிடும். பாதிச் சவரத்தில் நுரை காய்ந்துபோவது இதனால்தான். புதிதில் குத்தும். சில வாரங்கள் புழங்கினால் ஒவ்வொரு நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்து மென்மையாகும். பன்றி மயிரைத் தரம் பிரித்து ஏற்றுமதி செய்வதில் கான்பூர் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர்.

● வளைக்கரடி மயிர்: தண்ணீர்ச் சேமிப்பில் முன்னணி
பேட்ஜர் என்னும் வளைக்கரடியின் மயிர் நடுவில் பருத்து நுனியில் மெலிந்திருக்கும். நுனி வெளிர், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. இதன் மயிர்களுக்கிடையே தண்ணீர் நிறையத் தங்கும், ஊறவைக்கும் நேரமும் குறைவு. ‘பியூர்’, ‘பெஸ்ட்’, ‘சில்வர்டிப்’ என்று தரப் பெயர்கள் உண்டு. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் ‘பெஸ்ட்’ இன்னொருவரின் ‘பியூர்’ ஆகலாம். பிரிட்டனில் இந்த விலங்கு 1973 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. உலகச் சந்தைக்கு மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. விலங்கை வருத்த மனமில்லாதவர்களுக்கு அடுத்த செய்தி.

● நைலானின் வளர்ச்சி
டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1938இல், பல்துலக்கும் பிரஷ்ஷின் இழையாக. அன்றைய இழை தடிமன்; சவரத்துக்கு முரட்டுத்தனம். இன்றைய செயற்கை இழைகளின் நுனியைச் சீவி மெலிதாக்கிவிடுகிறார்கள். இவை தண்ணீரை உறிஞ்சுவதில்லை, ஊறவைக்க வேண்டியதில்லை, உதறினால் விரைவில் காய்ந்துவிடும், துளி சோப்பிலும் நுரை தரும். உப்புத் தண்ணீரின் பிசுக்கும் இவற்றில் அதிகம் ஒட்டாது. தண்ணீர் குறைந்த ஊருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

● பிரஷ்ஷில் வந்த அடைப்பான்
ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அடைப்பான் நோயைத் தெரியும். ஆந்த்ராக்ஸ் என்பது அதுவே. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் வளைக்கரடி மயிர் வரத்து நின்றது. அதற்குப் பதிலாக ஆசியாவிலிருந்து வந்த குதிரை மயிரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பிரஷ் கட்டினார்கள். அந்த மயிரில் இருந்த அடைப்பான் கிருமி, சவரக் காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாகப் படைவீரர்கள், பொதுமக்கள் என 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். 1920இல் பிரிட்டன் ஜப்பானிய சவர பிரஷ் இறக்குமதியைத் தடை செய்தது. முறையாகச் சுத்திகரித்த மயிரில் இந்த ஆபத்து இல்லை. எந்த ஆலையில் செய்தது என்று தெரியாத மயிர் பிரஷ்ஷை ஒதுக்கிவிடுவதே நல்லது.

● கீரிக்கு வந்த கேடு
நம் கரிசல் காட்டில் வரப்போரம் ஓடும் கீரியின் மயிரைக் கொண்டு ஓவிய பிரஷ்கள் செய்து விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. எந்த பிரஷ் வாங்கினாலும் எதன் மயிர் என்று கேளுங்கள். விவசாயிக்குத் துணையான ஒரு பிராணியின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

● பனந்தும்பு ஏன் முகத்துக்கு ஆகாது?
பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டு பிரஷ் ஆலைகளுக்குப் போயிருக்கிறது. தரை தேய்க்கவும் இயந்திரம் துடைக்கவும் அது அருமையான இழை. தண்ணீரில் நனைந்தாலும் விறைப்பு குறையாது. முகத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம்: அடியில் விறைப்பு, நுனியில் மென்மை.

● கைப்பிடிக்குச் சீமைக்கருவேலம்
திருச்சுழி வட்டாரத்தில் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவில் கடைசல்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். நனைந்து காயும்போது மரங்கள் விரிந்து சுருங்கும். இந்த இன மரம் மிகக் குறைவாகவே சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக. பிரஷ் கைப்பிடியின் பெரிய எதிரி இந்த விரிதலும் சுருங்குதலும்தான். மரம் வெடித்தால் குஞ்சம் கழன்று வந்துவிடும். கரியாக எரிக்கும் கட்டையில் நல்ல பகுதியைக் கடைசலுக்கு ஒதுக்கினால் இங்கேயும் ஒரு கைத்தொழிலுக்கு இடமுண்டு.

● பிரஷ்ஷைக் கெடுப்பவை
கொதிக்கும் தண்ணீர் பசையை இளக்கும், மயிரை உடையவைக்கும். கை பொறுக்கும் சூடு போதும். புதிய பிரஷ்ஷில் முதல் சில நாள்கள் ஓரிரண்டு மயிர் உதிர்வது இயல்பு. மாதம் கடந்தும் உதிர்ந்தால் அடிப்பசை சரியில்லை என்று பொருள். உப்புத் தண்ணீரில் புழங்கிய மயிர் பிரஷ் நாளடைவில் விறைத்துப்போகும். அது சோப்புப் பிசுக்கு. தண்ணீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில நிமிடம் ஊறவைத்து அலசினால் பிசுக்கு கரைந்து மயிர் பழையபடி மென்மையாகும்.

நுரை

● சவர சோப்பு குளியல் சோப்பு அல்ல
குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. ஷேவிங் கிரீமில் பொட்டாசியம் சோப்பு மிகுதி. அது எளிதில் கரையும், மென்மையாக நுரைக்கும். ஸ்டியரிக் அமிலம் அதிகம் சேர்ப்பதால் நுரை நெடுநேரம் உடையாமல் நிற்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்புத் தண்ணீரிலும் ஷாம்பு நுரைப்பதைப் பார்த்து அதை முகத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நுரை வெறும் காற்றுக் குமிழி. பிளேடுக்கும் தோலுக்கும் இடையே மெத்தையாக நிற்காது.

● சித்திரை வெக்கையில் நுரை
வறண்ட காற்றில் நுரையின் ஈரம் மளமளவென்று போய்விடும். சவரம் செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். முகம் முழுதும் ஒரே தடவையில் பூசாமல், ஒரு கன்னம் முடிந்த பிறகு மறு கன்னத்துக்குப் பூசுங்கள். நுரை எப்படி இருக்க வேண்டும் என்றால், பெரிய குமிழிகள் இல்லாமல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். மங்கலாக, விறைத்து நின்றால் பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி குழையுங்கள்.

● கிண்ணமும் கணக்கில் உண்டு
எவர்சில்வர் கிண்ணத்தின் வழவழப்பில் பிரஷ் வழுக்கும். உட்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் நுரை சீக்கிரம் திரளும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுட்ட மண் கிண்ணத்தை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நுரையின் தண்ணீரை மண் குடித்துவிடும்.

ரேசரும் பிளேடும்

● முதல் ஆண்டில் 51
கிங் கேம்ப் ஜில்லெட் கண்டுபிடித்த, பிளேடு மாற்றும் ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தபோது அந்த ஆண்டு முழுதும் போனவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பெட்டிக்கடையில் வாங்கும் இருமுனை பிளேடு அதே வழிவந்தது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

● ஒரு கோப்பைத் தண்ணீர் சொன்ன பாடம்
ஜில்லெட் நிறுவனம் 2002இல் இந்தியாவுக்கென ‘வெக்டார்’ ரேசரைக் கொண்டுவந்தது. அதை முன்கூட்டிச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம். குழாயடியில் அவர்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. இந்தியாவிலோ பலர் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துத்தான் மழிக்கிறார்கள். பிளேடுகளுக்கிடையே முடி அடைத்துக்கொண்டது. பிறகு அந்நிறுவனத்தார் இந்திய வீடுகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, கோப்பைத் தண்ணீரிலேயே எளிதில் அலசக்கூடிய ஒற்றை பிளேடு ‘கார்டு’ ரேசரை 2010இல் வெளியிட்டார்கள். அப்போது விலை 15 ரூபாய். பல பிளேடு அடுக்கிய தலைக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். மக் தண்ணீருக்கு ஒற்றை பிளேடும் இருமுனை ரேசரும் ஏற்றவை.

● எஃகை உடைக்கும் மயிர்
மயிரைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். இருந்தும் பிளேடு மழுங்குகிறதே, ஏன்? 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். விளிம்பு தேய்வது மட்டும் காரணமல்ல. சாய்ந்த கோணத்தில் மயிர் மோதும் இடத்தில், எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாவிட்டால், விளிம்பிலிருந்து சில்லு பெயர்கிறது.

● கோணமும் கனமும்
இருமுனை ரேசரைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். அழுத்தவே கூடாது, ரேசரின் கனமே போதும். பிளேடுக்கும் காப்புப் பட்டைக்கும் இடைவெளி அதிகமுள்ள ரேசர் ஒரே இழுப்பில் நிறைய எடுக்கும், கவனம் தவறினால் கீறும். இடைவெளி குறைந்தது புதியவர்களுக்கு நல்லது. முதல் முறை முடி வளரும் போக்கிலேயே இழுங்கள். சுருட்டை முடிக்காரர்கள் எதிர்ப்போக்கைத் தவிர்த்தால், முடி தோலுக்குள் வளர்ந்து பரு எழும்புவது குறையும்.

● பிளேடைத் துடைக்காதீர்கள்
பிளேடு விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்புப் பூச்சு உண்டு. துணியால் துடைத்தால் அது போகும், விளிம்பும் வளையும். நல்ல தண்ணீரில் அலசி உதறினால் போதும். உப்புத் தண்ணீரோடு காயவிட்டால் துரு முந்திக்கொள்ளும்.

சலூன்

● பாதி பிளேடு
சலூன்களில் இருமுனை பிளேடை உறையோடு இரண்டாக உடைத்துப் பாதியைக் கத்திப்பிடியில் மாட்டுகிறார்கள். ஒரு பிளேடு இரண்டு பேருக்கு ஆகும்; ஒவ்வொருவருக்கும் புது விளிம்பு. மஞ்சள்காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் இரத்தம் பட்ட பிளேடு வழியே பரவக்கூடும் என்பதால் இது உயிர் காக்கும் வழக்கம். கண்முன் பிளேடு உடைபடுவதைப் பார்த்துக்கொள்வது உங்கள் உரிமை. பொது பிரஷ் படர்தாமரையையும் சீழ்க்கொப்புளத்தையும் பரப்பலாம். சொந்த பிரஷ்ஷைக் கொண்டுபோனால் கடைக்காரர் மறுக்க மாட்டார்.

● அடப்பம் சுமந்தவர்கள்
வீடு வீடாகச் சவரக் கருவிகள் வைக்கும் அடப்பப் பையும் தண்ணீர்க் கிண்ணியுமாகப் போய்ச் சவரம் செய்த குடும்பங்களே நாட்டு வைத்தியமும் சிறு அறுவையும் பார்த்தன. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். சிவகாசியில் 1886இல் பிறந்து, தேசபக்திப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்று, 1940 டிசம்பர் 31 அன்று நாடக மேடையிலேயே உயிர்விட்ட நடிகர் விசுவநாததாஸ் அந்தச் சமூகத்தவர். இந்தத் தொழிலுக்கு உரிய மரியாதையை ஊர் நெடுங்காலம் கொடுக்கவில்லை. கழுத்தைக் கத்திக்கு நீட்டி நம்பிக்கையோடு கண்மூடுகிற ஒவ்வொருவரும் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

● படிகாரத்தின் இரண்டு வேலை
ஊருணித் தண்ணீரின் கலங்கலைத் தெளியவைக்கும் படிகாரமே சவரக் காயத்தின் இரத்தத்தையும் நிறுத்துகிறது. தண்ணீரில் அதன் அலுமினியம் மண் துகள்களைத் திரட்டிக் கீழே இறக்கும். தோலில் புரதத்தை இறுகச் செய்து சிறு கீறலை அடைக்கும். ஒரே கட்டியைப் பலர் முகத்தில் தேய்ப்பது மட்டும் கூடாது.

வாங்கும் முன்

● குழாய்க் கணக்கு
நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயைச் சவரம் முடியும்வரை 5 நிமிடம் திறந்துவைத்தால் 30 லிட்டர் போகும். கிராம வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவே ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்தான். பிரஷ், டம்ளர், மக் என்று பழகியவருக்கு இரண்டு லிட்டரே அதிகம்.

● முதல் செட் வாங்கும் பிள்ளைக்கு
கையில் இருக்கும் பணத்தை விலையுயர்ந்த ரேசரில் கொட்ட வேண்டாம். மென்மையான செயற்கை இழை பிரஷ் ஒன்று, நல்ல கிரீம் அல்லது சோப்பு, இடைவெளி குறைந்த சாதாரண இருமுனை ரேசர், இரண்டு மூன்று வகை பிளேடில் ஒவ்வொரு பாக்கெட். தோலுக்கு எந்த பிளேடு ஒத்துவருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்பாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பையன் கையில் ரேசரைக் கொடுக்கும் முன் பிரஷ்ஷைக் கொடுங்கள். ஒரு வாரம் அவன் நுரை குழைத்துப் பூசிக் கழுவட்டும். நுரை வசப்பட்ட பிறகு எடுக்கும் பிளேடு அவன் முகத்தைக் கீறுவது அபூர்வம்.